ரோஸ் குவார்ட்ஸ்: கல்லுக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு

ரோஸ் குவார்ட்ஸ், அதாவது ஸ்படிகத்தின் பிங்க் வகை, அரிய கல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் பேசுவது எளிது. மடகாஸ்கரிலும் பிரேசிலிலும் பாறை பாறையாக வெட்டி எடுக்கிறார்கள். நமீபியா, மொசாம்பிக், இந்தியா, இலங்கை என்று பல இடங்களில் கிடைக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 1966-ல் இதைத் தன் மாநிலக் கனிமமாகவே அறிவித்துக்கொண்டது. வெட்டாத கல் காரட் கணக்கில் விற்பதில்லை, கிலோ கணக்கில்தான். சவுகார்பேட்டை மணிக்கடையில் 8 மில்லிமீட்டர் மணி கோர்த்த ஒரு சரம் 200, 300 ரூபாய்க்குக் கேட்டு வாங்கலாம். அதே சரத்தில் கட்டிய பிரேஸ்லெட் "காதலை ஈர்க்கும் கல்" என்ற அட்டையோடு பட்டுப் பையில் வரும்போது 1,500 ஆகிவிடுகிறது. நடுவில் ஏறிய பணம் கதைக்கு.

கதைக்குப் பணம் கொடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மயிலாப்பூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே மணி கோர்த்து விற்கிறேன். அம்மா முத்தும் பவளமும் கோர்ப்பார். கோர்க்கும் கை அவரிடமிருந்து வந்தது. கல் மணிகளுக்கு நான்தான் வந்தேன். ஆரம்பத்தில் ரோஸ் குவார்ட்ஸ் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் யோகா, தியானம் என்று போகிறவர்கள். 2016-ல், நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் தரும் பான்டோன் நிறுவனம் ஆண்டின் நிறங்களாக இரண்டை அறிவித்தது: ரோஸ் குவார்ட்ஸ், அதோடு செரினிட்டி என்ற வெளிர் நீலம். அதற்கப்புறம் நிச்சயதார்த்தப் புடவைக்குப் பொருத்தமாக "அந்த பிங்க் கல்" கேட்டு வர ஆரம்பித்தார்கள். பிறகு இந்தக் கல்லில் செய்த, முகத்தில் உருட்டும் ரோலர் வந்தது. இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் ஜோசியர் சொல்லி வருகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "அக்கா, இது ஒரிஜினல்தானா?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் போலி மூன்று விதமாக வருகிறது. ஒன்று, வெறும் கண்ணாடி. இரண்டு, நிறமில்லாத குவார்ட்ஸைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, விழுந்த விரிசல்களில் பிங்க் சாயம் ஏற்றியது. மூன்று, வேறு ஏதோ பிங்க் கல்லுக்கு இந்தப் பெயரை ஒட்டியது. "செர்ரி குவார்ட்ஸ்" என்று விற்பது அநேகமாக எப்போதும் கண்ணாடிதான்; உள்ளே சிவப்பு மேகம் நீந்துவது போல் இருக்கும். பார்க்க அழகுதான். அதைக் கண்ணாடி விலைக்கு விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய விஷயம் மணியின் அளவுக்கும் நிறத்துக்கும் உள்ள பொருத்தம். இதை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் உதவுவது இதுதான். ரோஸ் குவார்ட்ஸின் நிறம் கல் முழுவதும் மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. கை அளவு கட்டியில் நல்ல பிங்க்காகத் தெரியும் கல், 8 மில்லி மணியாகும்போது வெளிறிவிடும். 4 மில்லி மணியாக்கினால் கிட்டத்தட்ட வெள்ளைதான். ஆகவே கடுகு போன்ற மணிகள் அடர் பிங்க்கில் பளபளத்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். வெளிறிய சின்ன மணிகளைப் பார்த்து "டூப்ளிகேட்" என்று ஒதுக்குகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் சாயமேற்றிய சரத்தை ஆசையாக எடுத்துக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி. விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் தேங்கி, நடுவில் வெளுப்பாக இருந்தால் சாயம். சாயம் என்று சந்தேகப்பட்டால் நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து, துளையின் ஓரத்தில் தேயுங்கள். பஞ்சு பிங்க் ஆனால் விஷயம் முடிந்தது. ஆகாவிட்டால் சாயமே இல்லை என்று அர்த்தமில்லை. சில சாயங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இயற்கையான கல்லில் மேகம் போன்ற மங்கல், வெள்ளை நரம்புகள், சில சமயம் துரு நிறக் கோடுகள் இருக்கும். அந்தத் துரு நிறம் விரிசலுக்குள் படிந்த இரும்பு ஆக்ஸைடு. நிறையப் பேர் அதை அழுக்கு என்று திருப்பித் தருகிறார்கள்.

கையில் எடுத்ததும் சில்லென்று இருக்க வேண்டும் என்பது பழைய சோதனை. ஸ்படிக மாலை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். குவார்ட்ஸ் கண்ணாடியைவிட வேகமாகக் கையின் சூட்டை இழுத்துக்கொள்வதால் அந்தக் குளிர்ச்சி. சோதனை சரியானதுதான், ஆனால் ஏசி போட்ட கடையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும்.

நான் நம்புவது தராசை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லைத் தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பாதி தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, மேலே குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இதனால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். உதாரணத்துக்கு, கல் 26.5 கிராம், தண்ணீரில் 10 கிராம் காட்டுகிறது என்றால் 2.65. குவார்ட்ஸுக்கு வர வேண்டிய எண் இதுதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி 2.5 பக்கம் நிற்கும். ஈயம் கலந்த கண்ணாடி 3-க்கு மேல் போகும்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. எண் ஒத்து வராவிட்டால் குவார்ட்ஸ் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒத்து வந்துவிட்டால் ரோஸ் குவார்ட்ஸ்தான் என்று சொல்ல முடியாது. சாயமேற்றிய குவார்ட்ஸும் அதே 2.65-தான். பிங்க் கால்சைட் என்ற வேறு கல் 2.71, அதுவும் பக்கத்தில் வந்து நிற்கும். கால்சைட்டைப் பிரிக்க அதன் மென்மை போதும். பேனாக்கத்தி முனையிலேயே கீறல் விழும். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி ஒன்றும் செய்யாது. ஆனால் கடைக்காரருடைய கல்லில் கத்தி வைக்காதீர்கள், வாங்கிய பிறகு உங்கள் கல்லில் மறைவான இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோர்த்த பிரேஸ்லெட்டை அப்படியே தண்ணீரில் எடை போடாதீர்கள். துளைக்குள் காற்று நின்று எண் தப்பாக வரும். மெருகேற்றிய தனிக் கல், அதாவது கடையில் "டம்பிள்" என்று சொல்வது, இந்தச் சோதனைக்கு ஏற்றது.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு வெகுநாள் சுவாரசியம். செவ்வந்திக்கல்லும் குவார்ட்ஸ்தான், அதன் ஊதா இரும்பாலும் இயற்கைக் கதிரியக்கத்தாலும் வருவது. ரோஸ் குவார்ட்ஸுக்கும் அப்படித்தான் டைட்டானியம், மாங்கனீஸ் என்று பல காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் பல நாட்டு ரோஸ் குவார்ட்ஸை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார்கள். குவார்ட்ஸ் கரைந்துபோக, அடியில் பிங்க் நிற இழைகள் மிஞ்சின. தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிய இழைகள். டூமோர்ட்டியரைட் என்ற போரான் கலந்த கனிமத்துக்கு நெருங்கிய உறவு அது. அதாவது, குவார்ட்ஸ் நிறமற்றதுதான். அதற்குள் சிக்கிய இழைகள்தான் பிங்க்.

இது தெரிந்தபிறகு கல்லின் குணமெல்லாம் ஒரே நூலில் கோர்த்துக்கொள்கிறது. ரோஸ் குவார்ட்ஸ் ஏன் கண்ணாடி போல் தெளிவாக இருப்பதில்லை? இழைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சின்ன மணி ஏன் வெளிறுகிறது? ஒளி கடந்துவரும் வழியில் போதிய இழைகள் இல்லை. சில உருண்டைகளில் ஏன் நட்சத்திரம் தெரிகிறது? இழைகள் படிகத்துக்குள் குறிப்பிட்ட திசைகளில் ஒழுங்காகப் படுத்திருந்தால், ஒளி ஆறு கதிராகப் பிரிகிறது. வீட்டில் ரோஸ் குவார்ட்ஸ் உருண்டை இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை உருண்டைக்குப் பின்னால் ஒட்டி வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எல்லா உருண்டையிலும் வராது. வந்தால், கடைக்காரருக்கே தெரியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

உண்மையிலேயே அரிதான பிங்க் குவார்ட்ஸ் ஒன்று உண்டு, அது வேறு வகை. பாறையாக இல்லாமல், முகங்களும் முனையும் உள்ள படிகங்களாக வளர்ந்தது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதிச் சுரங்கங்களில் கிடைத்தவை பேர்பெற்றவை. அதன் நிறத்துக்குக் காரணம் இழை இல்லை. அலுமினியமும் பாஸ்பரஸும் கதிரியக்கமும் சேர்ந்தது. அந்த நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். "ரோஸ் குவார்ட்ஸை வெயிலில் வைக்காதே" என்று எல்லோரும் சொல்வது இந்த வகைக்குக் கட்டாயம், சாயமேற்றியதற்கும் கட்டாயம். இழையால் நிறம் வந்த சாதாரண ரோஸ் குவார்ட்ஸ் கொஞ்சம் வெயிலுக்கெல்லாம் அஞ்சாது. ஆனாலும் ஜன்னல் விளிம்பில் வருடக்கணக்கில் வைக்க நான் சொல்ல மாட்டேன், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று நிச்சயமாகத் தெரியாதபோது குறிப்பாக.

இலங்கையில் ஒரு ரோஸ் குவார்ட்ஸ் மலையே இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து வடக்கே ஏ9 சாலையில் போனால் மடாடுகம வரும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் நாமல் உயன. கீழே நாகமரக் காடு, மேலே குவார்ட்ஸ் குன்றுகள். நம் நாட்டு மருந்துக்கடையில் சிறுநாகப்பூ என்று வாங்குகிறோமே, அந்த மரம்தான். இலங்கையின் தேசிய மரமும் அதுவே. 1991-ல் அங்கே வந்து தங்கிய வனவாசி ராகுல தேரர் மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து அந்தக் காட்டைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். உறவினர்களோடு இலங்கை போனபோது, மற்றவர்கள் சிகிரியா ஏற, நான் அடம்பிடித்து இங்கே போனேன்.

பிங்க் மலையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். வெளிப்பரப்பு மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பலும் கறுப்புமாக, பாசி பிடித்து இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும்போது, பாறை உடைந்த இடங்களில் நிறம் தெரியும், அதுவும் வெளிறிய பிங்க். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. மணிக்கடையில் பார்க்கும் நிறம் எப்படி ஒரு தேர்வு என்று அங்கே புரிந்தது: நூறு கட்டியில் நல்லதை மட்டும் எடுத்து, ஈரமாக்கிப் படம் பிடித்து, மெருகேற்றி நமக்குக் காட்டுகிறார்கள். உடன் வந்த வழிகாட்டிப் பையன் "இந்தக் கல்லைத்தான் அக்கா தாஜ்மகால் கட்டக் கொண்டுபோனாங்க" என்றான். அங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. தாஜ்மகாலின் பளிங்கில் கல் பதித்த வேலையில் சூதுபவளம், ஜாஸ்பர், லாபிஸ், டர்க்காய்ஸ் எல்லாம் உண்டு. ரோஸ் குவார்ட்ஸுக்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை. அவனிடம் வாதாடவில்லை. தரையில் கிடந்த துண்டுகளை எடுக்கக்கூடாது என்று அவனே கண்டிப்பாகச் சொன்னான், அது எனக்குப் போதும். பாதுகாக்கப்பட்ட இடம் அது. அங்கிருந்து வந்த கல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கதை என்று வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். காதல் கல் என்ற பேருக்கு ஆதாரமாக எல்லோரும் சொல்வது கிரேக்கக் கதை. காட்டுப்பன்றி குத்திய அடோனிஸைக் காப்பாற்ற அப்ரோடைட்டி ஓடினாள், முள் கிழித்தது, இருவர் ரத்தமும் வெள்ளைக் குவார்ட்ஸில் விழுந்து பிங்க் ஆயிற்று என்று. பழைய வடிவங்களில் அந்த ரத்தத்தில் பூதான் பிறக்கிறது, அனிமோன் அல்லது ரோஜா. கல் பிற்பாடு யாரோ சேர்த்தது. அழகாகத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

நம் பக்கம் ரோஸ் குவார்ட்ஸுக்குப் பழைய மரபு என்று ஒன்று இல்லை. நவரத்தினத்தில் இது கிடையாது. சுக்கிரனுக்கு வைரம் போட முடியாதவர்களுக்கு மாற்றாக இதை இப்போது சிலர் எழுதித் தருகிறார்கள். ஆனால் இதே கனிமத்தின் நிறமற்ற வடிவமான ஸ்படிகம் நமக்கு எவ்வளவு நெருக்கம்! ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் ஆறு கால அபிஷேகம். இன்னும் பின்னால் போனால், ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், சங்க காலத்திலேயே குவார்ட்ஸ், பெரில், சூதுபவளம், செவ்வந்திக்கல் என்று அறுத்து மணி செய்த பட்டறைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அந்த ஊர்தான் என்கிறார்கள். குவார்ட்ஸில் துளை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் அந்த மணிகளை அருங்காட்சியகத்தில் சும்மா கடந்து போக முடியாது.

வாடிக்கையாளர்களிடம் நான் பலன் சொல்லி விற்பதில்லை. கேட்டால், "இப்படி நம்புறாங்க" என்று சொல்வேன். "இப்படி நடக்கும்" என்று சொல்வதில்லை. மகளுக்கு வரன் அமையவில்லை என்று ஒரு அம்மா வந்தார். ஜோசியர் எழுதிய சீட்டில் ரோஸ் குவார்ட்ஸ், வெள்ளிக்கிழமை, வெள்ளியில் கட்டியது என்று இருந்தது. ஒரு கடையில் 7,000 ரூபாய் கேட்டார்களாம். "ஏம்மா, ஏழாயிரம் போட்டாதான் பலிக்குமா, ஐந்நூறு போட்டா பலிக்காதா?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியாது. வெள்ளியின் எடைக்கும் கூலிக்கும் கல்லுக்கும் தனித்தனியாக விலை எழுதிக் கொடுத்தேன்; எல்லாம் சேர்த்து 7,000-க்கு வெகு கீழே நின்றது. நீங்களும் எங்கே வாங்கினாலும் இப்படிப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடை தயங்காது. உடம்பு சம்பந்தமாக, இதயத்துக்கு நல்லது, தைராய்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் மட்டும் நான் சும்மா இருப்பதில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லித்தான் கல்லைக் கொடுப்பேன்.

அடிக்கடி வரும் இன்னொரு போன்: "அக்கா, பிரேஸ்லெட் அறுந்துடுச்சு. ஏதாவது கெட்டது வரப் போகுதா?" கல் நமக்கு வர இருந்த கெடுதலை வாங்கிக்கொண்டு அறுந்தது, அதைத் திரும்பப் போடக் கூடாது, ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது விற்கிறவருக்கு மிக வசதியான நம்பிக்கை! அறுந்தது எலாஸ்டிக். வேர்வை, தேங்காயெண்ணெய், சென்ட், கை கழுவும் சோப்பு எல்லாம் பட்டு, தினமும் பத்து தடவை இழுத்து மாட்டினால் எலாஸ்டிக் தளர்ந்து அறுந்துதான் போகும். அதோடு ரோஸ் குவார்ட்ஸ் மணியின் துளை விளிம்பு கூராக இருந்தால், ரம்பம் மாதிரி நூலை அறுக்கும். வாங்கும்போதே துளை விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். 8 மில்லி மணிக்கு 0.8 மில்லி எலாஸ்டிக், அதை முன்கூட்டியே நன்றாக இழுத்து விட்டுக் கோர்ப்பது, முடிச்சில் ஒரு துளி பசை, முடிச்சைத் துளை பெரிய மணிக்குள் இழுத்து மறைப்பது. இவ்வளவுதான் என் ரகசியம். நூல் சற்று வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தளர்ந்தால் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாட்டும்போது இழுத்து விரிக்காமல், விரல்களைக் குவித்து உருட்டி ஏற்றினால் நாள் கூடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி ஷாம்பு, மிருதுவான பழைய டூத் பிரஷ், பிறகு பருத்தித் துணி. எலாஸ்டிக்கில் கோர்த்ததை ஊற வைக்க வேண்டாம். மஞ்சள்தான் நம் வீட்டில் இதற்கு முக்கிய எதிரி. விரிசலுக்குள்ளும் துளைக்குள்ளும் மஞ்சள் ஏறினால் போகாது. சமையல் செய்கிறவர்களின் பிரேஸ்லெட் கொஞ்ச நாளில் ஆரஞ்சு சாயலுக்கு வருவதன் காரணம் இதுதான், "எனர்ஜி மாறியது" இல்லை. பூஜையில் வைத்து மஞ்சள் குங்குமம் இடுகிறவர்கள் கல்லின் அடியில் ஒரு வெற்றிலையில் இட்டுவிடலாம்.

உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போடச் சொல்வார்கள், "சுத்திகரிக்க". குவார்ட்ஸை உப்பு ஒன்றும் செய்யாது. கூட இருக்கும் வெள்ளி, பித்தளைத் தொங்கல், நூல் மூன்றும் கெடும். விரிசலில் ஏறிய உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூக்கும். பௌர்ணமி நிலவில் வைப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை. மொட்டைமாடியில் வைத்துவிட்டு மறுநாள் பத்து மணி வெயில் வரை மறந்துபோவதுதான் பிரச்சினை. தெளிந்த ஸ்படிக உருண்டை வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்: சூரிய ஒளியைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்ற வைத்துவிடும். மங்கலான ரோஸ் குவார்ட்ஸ் உருண்டையில் அந்த ஆபத்து குறைவு. கல்லைப் போட்ட தண்ணீரைக் குடிக்கும் பாட்டில்களும் வருகின்றன. கல்லால் கெடுதல் இல்லை, அதில் ஏற்றிய சாயத்துக்கும் ஒட்டிய பசைக்கும் யார் பொறுப்பு?

மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். இதன் கடினம் 7 என்பதால் முத்து, பவளம், சந்திரகாந்தக் கல் எல்லாவற்றையும் இது கீறும்; புஷ்பராகமும் நீலமும் வைரமும் இதைக் கீறும். மோதிரத்தை அளவு மாற்றக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டுப் பற்ற வைக்கும்படி ஆசாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள்கட்டமைப்பே மாறி விரிவடையும். வெள்ளியைப் பற்ற வைக்கும் சூடு அதற்கும் மேலே. விரிசல் விட்டால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நகைக்கடையில் அதிர்வு மெஷினில் கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரோலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: குளியலறை டைல்ஸில் விழுந்தால் கல் தோற்றுவிடும்.

கடைசியாக ஒன்று, மணி வாங்குகிறவர்களைவிட மணி செய்யத் துடிக்கிறவர்களுக்கு. யூடியூபில் பார்த்துவிட்டு, சின்ன டிரில் வாங்கி வீட்டிலேயே கல்லில் துளை போடப் பலர் கிளம்புகிறார்கள். குவார்ட்ஸின் தூசு வெறும் சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. குஜராத்தின் காம்பத்தில் தலைமுறை தலைமுறையாக அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லைத் தேய்த்து மணி செய்கிறவர்களிடம் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் எவ்வளவு என்பது பல காலமாகப் பதிவாகியிருக்கும் விஷயம். தேய்க்கிறவருக்கு மட்டுமில்லை, அதே வீட்டில் இருப்பவர்களுக்கும் தூசு போகிறது. அதற்கு மருந்து கிடையாது. துணி மாஸ்க் இந்தத் தூசைத் தடுக்காது. துளை போட்டே ஆக வேண்டுமென்றால் கல்லைத் தண்ணீருக்கு அடியில் வைத்து, வைர முனை பிட்டில் மெதுவாகப் போட வேண்டும். சேற்றைக் காயவிடாமல் ஈரமாகவே துடைத்தெடுக்க வேண்டும். கரண்டில் ஓடும் மெஷினும் தண்ணீரும் ஒரே மேஜையில் இருப்பது வேறு பயம். ஒன்றிரண்டு கல்லுக்காக இவ்வளவும் எதற்கு என்று, என்னிடம் கேட்பவர்களை நான் கல் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன். தண்ணீர் விட்டுத்தான் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். துளைக்குச் சில பத்து ரூபாய்தான் ஆகும். துளை விளிம்பை மழுக்கித் தரச் சொன்னால் இன்னும் ஐந்தோ பத்தோ கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.